ஊருக்கு ஒரே தொட்டி வேண்டும்!

கரிசல் சீமையில் பிறந்தவனுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் பாடம் நடத்திச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரத்தில் பல ஊர்களில் கிணறு வெட்டினால் ஊறுவது உப்புத் தண்ணீர்தான். அதனால்தான் நம் ஜனங்கள் குடிக்கிற தண்ணீருக்கு "நல்ல தண்ணீர்" என்று தனியாகப் பெயர் வைத்தார்கள். ஊருணியில் மழை நீரைத் தேக்கி, கண்ணைப் போலக் காத்துக் குடித்தார்கள். இன்று தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாகக் கோவில்பட்டிக்கு வருகிறது. ஊர்தோறும் மேல்நிலைத் தொட்டி எழும்பி நிற்கிறது. அப்படியிருந்தும் தள்ளுவண்டியில் காலிக் குடங்களை அடுக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு அலையும் பெண்களை இன்றும் பார்க்கிறோம்.

இந்தத் தண்ணீரும் தானாக வந்துவிடவில்லை. காலிக் குடங்களுடன் ரோட்டில் உட்கார்ந்து, போலீஸ் வேனில் ஏறி, மனு மேல் மனு கொடுத்து உழைப்பாளி மக்கள் வாங்கிய தண்ணீர் இது. ஒவ்வொரு தொட்டிக்குப் பின்னாலும் ஒரு போராட்டம் உண்டு.

அப்படி வாங்கிய தண்ணீரில் ஒருவன் கை வைக்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? "யாரோ விஷமி செய்த வேலை" என்று போலீஸார் எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். "குடிவெறியில் செய்திருப்பான்" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். இது விஷமத்தனம் அல்ல, தோழர்களே! இது அரசியல். தலைநிமிர்ந்தவனைக் குனிய வைக்கிற அரசியல். எப்படி என்று பார்ப்போம்.

கொடியங்குளத்துக் கிணறு

வெகுதூரம் போக வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே, ஓட்டப்பிடாரம் தாலுகாவில், கொடியங்குளம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31ம் தேதி அன்றைய சிதம்பரனார் மாவட்டத்தின் அந்தச் சிற்றூருக்குள் நூற்றுக்கணக்கான போலீஸார் புகுந்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் டீக்கடையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் மட்டுமே வாழும் ஊர் அது. பாடுபட்டும், வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போயும் நாலு காசு சேர்த்த ஊர். பையன்கள் படித்த ஊர். அந்த வட்டாரத்தில் சாதிக் கலவரம் நடந்துகொண்டிருந்த காலத்தில், குற்றவாளிகளைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு போலீஸார் வந்தார்கள். வந்தவர்கள் என்ன செய்தார்கள்? டெலிவிஷன் பெட்டியை உடைத்தார்கள். தையல் மெஷினை உடைத்தார்கள். தானியத்தை மண்ணில் கொட்டினார்கள். படிப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் கொளுத்தினார்கள். கடைசியில் ஊர்க் கிணற்றிலும் நஞ்சைக் கலந்துவிட்டுப் போனார்கள் என்று ஊரார் அன்றே உலகறியச் சொன்னார்கள்.

குற்றவாளி கிணற்றுக்குள் ஒளிந்திருந்தானா? அவனைப் பிடிக்கக் கிணற்றில் நஞ்சு எதற்கு? தையல் மெஷின் உடைந்தால் வேறொன்று வாங்கலாம். சான்றிதழ் எரிந்தால் நடையாய் நடந்து இன்னொன்று பெறலாம். குடிக்கிற கிணறு கெட்டால் மறுநாள் காலையில் ஊரைக் காலி செய்ய வேண்டும், அல்லது அடுத்த ஊர்க்காரனிடம் கையேந்தி நிற்க வேண்டும். "எவனிடமும் கையேந்த மாட்டேன்" என்று எழுந்து நின்றவனை மறுபடியும் கையேந்த வைப்பதற்கு இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. கிணற்றைக் குறிவைப்பதன் சூட்சுமம் இதுதான். சர்க்கார் நிவாரணம் என்று அறிவித்த பணத்தை அந்த மக்கள் வாங்க மறுத்தார்கள். தங்கள் கிணறும் மானமும் விலைக்கு இல்லை என்பதை அந்த மறுப்பு ஊருக்கே எடுத்துக் காட்டியது.

வாச்சாத்தி காட்டிய வழி

அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1992 ஜூன் 20ம் தேதி, தருமபுரி மாவட்டம் அரூர் தாலுகாவில் வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்களின் ஊருக்குள் வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தன. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்றார்கள். 18 பெண்களைச் சீரழித்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். ஆடு மாடுகளை அழித்தார்கள். அங்கேயும் ஊர்க் கிணறுகளை விட்டுவைக்கவில்லை. ஜனங்கள் திரும்பி வந்தாலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாதபடி பாழாக்கினார்கள்.

இங்கே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வாச்சாத்தி மக்கள் தனியாக நின்றிருந்தால் அந்த வழக்கு ஆபீஸ் பீரோவுக்குள்ளேயே செத்திருக்கும். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் நம் தோழர்களும் அந்த ஊருக்குள் போனார்கள். சாட்சிகளைத் தேடிச் சேர்த்தார்கள். தோழர் ஏ. நல்லசிவன் நீதிமன்றப் படியேறினார். 1995ல் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் போனது. 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29ம் தேதி தருமபுரி நீதிமன்றம் மீதமிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று சொன்னது. அவர்கள் அப்பீல் செய்தார்கள். 2023 செப்டம்பர் 29ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த அப்பீல்களைத் தள்ளுபடி செய்தது.

முப்பத்தொரு வருஷம்! பொறுமை வேண்டியிருந்தது, ஸ்தாபனம் வேண்டியிருந்தது. காக்கிச் சட்டை போட்டவன் செய்தாலும் கணக்குக் கேட்க முடியும் என்பதை அந்த மலைவாழ் பெண்கள் நிரூபித்துவிட்டார்கள். "என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வேங்கைவயல்

சர்க்காரின் கை செய்த அழிவுகளைப் பார்த்தோம். ஊருக்குள்ளேயே நடப்பது என்ன?

புதுக்கோட்டை மாவட்டம் இறையூருக்குப் பக்கத்தில் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தண்ணீரில்தான் கோளாறு இருக்கும் என்று சந்தேகம் வந்தது. 26ம் தேதி வாலிபர்கள் தொட்டி மேல் ஏறிப் பார்த்தார்கள். தலித் மக்கள் மட்டும் குடிக்கிற அந்த 10,000 லிட்டர் தொட்டிக்குள் மனித மலம் கிடந்தது. முதல் நாள்தான் டிசம்பர் 25. 1968ல் கீழவெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரை நாம் நினைத்து அஞ்சலி செலுத்திய நாள்.

கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் போய் விசாரித்தபோது வேறு சங்கதிகளும் வெளியே வந்தன. டீக்கடையில் இரட்டை டம்ளர்! கோயிலுக்குள் தலித் மக்களுக்கு அனுமதி இல்லை! கலெக்டரே அந்த மக்களை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போக வேண்டியிருந்தது. மலம் தொட்டிக்குள் விழுந்தது ஒருநாள். டம்ளரும் கோயில் கதவும் எத்தனை வருஷமாக அப்படி இருந்தன!

பிறகு நடந்தது என்ன? 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைக் கொண்டு ஒருநபர் கமிஷன் அமைத்தது. பரிசோதனைக்கு இரத்த மாதிரி கொடு என்று பாதிக்கப்பட்ட தெருக்காரர்களையே கேட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், குற்றப்பத்திரிகை வந்தது. அதே தெருவைச் சேர்ந்த மூன்று வாலிபர்கள் மீதே குற்றம் சாட்டப்பட்டது. ஊராட்சித் தலைவரின் கணவர் மீதிருந்த பகைதான் காரணம் என்றார்கள். மக்கள் ஏற்கவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டும் என்று நம் கட்சி உட்படப் பல கட்சிகள் கோரின.

யார் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க வேண்டியது நீதிமன்றம். அதை நான் இங்கே எழுத வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். போலீஸ் சொல்வதையே ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். ஊராட்சிப் பகையைத் தீர்த்துக்கொள்ள முப்பது குடும்பம் குடிக்கிற தொட்டிதான் கிடைத்தது என்றாகிறது. மக்கள் சொல்வதை எடுத்துக்கொள்வோம். சாதிவெறி அந்தத் தொட்டியைத் தேடி வந்தது என்றாகிறது. எப்படிப் பார்த்தாலும் அது தனித் தொட்டி! அதைக் கெடுத்தால் அந்தத் தெருவுக்கு மட்டும்தான் கேடு. அடுத்த தெருவுக்கு ஒரு சொட்டு நஷ்டமில்லை. ஊர் முழுவதும் ஒரே தொட்டியில் குடித்திருந்தால் ஒருவனுக்காவது அந்தத் துணிவு வந்திருக்குமா? தன் பிள்ளை குடிக்கிற தண்ணீரில் எவன் மலத்தைப் போடுவான்?

ஆகவே குற்றம் 2022 டிசம்பரில் மட்டும் ஆரம்பிக்கவில்லை. "அவர்களுக்குத் தனியாக ஒரு தொட்டி கட்டிக் கொடுத்துவிடுவோம், தொல்லை விட்டது" என்று நினைத்த அன்றே ஆரம்பித்துவிட்டது.

பழைய கதை, புதிய தொட்டி

இந்தத் தந்திரம் பழையது. மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற ஊரில் சௌதார் குளம் இருக்கிறது. நகராட்சிக்குச் சொந்தமான பொதுக் குளம். ஆடு மாடு குடிக்கலாம், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் மட்டும் தொடக்கூடாது. 1927 மார்ச் 20ம் தேதி அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களை அழைத்துப் போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். குடித்தவர்களை அடித்தார்கள். பிறகு குளம் தீட்டுப்பட்டுவிட்டதென்று சாணமும் மூத்திரமும் கலந்த 108 பானைத் தண்ணீரை ஊற்றிச் "சுத்தம்" செய்தார்கள்! மனிதன் தொட்டால் அசுத்தம், சாணம் ஊற்றினால் சுத்தம்! பத்து வருஷம் வழக்கு நடந்து, 1937ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அந்த மக்கள் ஜெயித்தார்கள்.

சுதந்திரம் வந்தது. சர்க்கார் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறையைப் பயன்படுத்த எவரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாதென்று அரசியல் சட்டத்தின் 15வது ஷரத்து சொன்னது. 1955ல் தீண்டாமைக் குற்றத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. தலித் மக்களும் மலைவாழ் மக்களும் குடிக்கும் நீரைக் கெடுப்பது குற்றம் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

சட்டத்தில் எழுதினார்கள், தரையில் என்ன செய்தார்கள்? பொதுக் கிணற்றைத் திறந்துவிடச் சங்கடப்பட்டுக் காலனிக்குத் தனிக் கிணறு வெட்டினார்கள். கிணறு போய்த் தொட்டி வந்தபோது காலனிக்குத் தனித் தொட்டி கட்டினார்கள். உபகாரம் போலத் தெரியும். உண்மையில் தீண்டாமைக்குச் சிமெண்டில் போட்ட அஸ்திவாரம் அது!

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். 1984ம் வருஷத்துப் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தில் தண்ணீர் விநியோகத்துக்கான கட்டடமும் கருவியும் குறிப்பாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அதற்குச் சேதம் செய்தவனுக்கு ஐந்து வருஷம் வரை கடுங்காவல். வேலைநிறுத்தத்தில் ஒரு பஸ் கண்ணாடி உடைந்தால் பொதுச் சொத்து என்ற பேச்சு அன்று மாலையே கிளம்பிவிடுகிறது. ஏழைத் தெருவின் குழாயை உடைத்தால் மட்டும் அது "உள்ளூர்த் தகராறு"!

நம் வட்டாரத்தில் ஒரு சங்கதி

புதூர் வட்டாரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்த கையோடு கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர் குறைந்துபோனது. அந்தத் தெருக்காரர்கள் பெரும்பாலும் விவசாயத் தொழிலாளர்கள். பெரிய கைகள் சொன்ன பக்கம் ஓட்டுப் போடாதவர்கள். கேட்டதற்கு மோட்டார் எரிந்துவிட்டது என்று பதில் வந்தது. பதினைந்து நாள் பொறுத்தார்கள். பிறகு பெண்கள் காலிக் குடங்களுடன் ரோட்டுக்கு வந்தார்கள். நானும் போயிருந்தேன்.

அதிகாரி ஒருவர் வந்து மோட்டார் கதையையே மறுபடியும் சொன்னார். அப்போது மேலத் தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒரு வயதான அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏ தம்பி, மோட்டாரு எங்க எரிஞ்சுது? எங்க வீட்டுக் குழாயில இன்னிக்குக் காலையில கூடத் தண்ணி வந்துச்சே" என்றார். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. தொட்டிக்குப் போய்ப் பார்த்தோம். கிழக்குத் தெருவுக்குப் போகிற வால்வு அடைத்துக் கிடந்தது! சாயங்காலம் தண்ணீர் வந்தது.

மறியல் செய்த பெண்கள் மீது கேஸ் போட்டார்கள். வால்வை அடைத்தவன் மீது கேஸ் இல்லை. அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தை இல்லாவிட்டால் மோட்டார் இன்னும் எத்தனை நாள் எரிந்தே இருந்திருக்குமோ!

இதைப் படிக்கும் ஆலைத் தோழருக்கு இது கிராமத்துச் சண்டையாகத் தோன்ற வேண்டாம். வேலைநிறுத்தம் என்றால் தொழிலாளர் குடியிருப்பின் குழாயையும் விளக்கையும் நிறுத்திப் பார்ப்பது முதலாளிமாருக்குத் தெரியாத வித்தையா? வயிற்றில் அடிப்பதற்கு முன்னால் தொண்டையில் அடிப்பது! வால்வு யார் கையில் இருக்கிறதோ அவன் கையில் நம் மென்னி இருக்கிறது.

உலக அரங்கிலும் இதேதான். 1953 மே மாதம் அமெரிக்க விமானங்கள் வட கொரியாவின் பாசன அணைகளைக் குண்டு போட்டு உடைத்தன. பிறகு, குடிநீர் நிலையங்களைத் தாக்கக் கூடாதென்று 1977ல் ஜெனீவா ஒப்பந்தத்தோடு ஒரு விதியைச் சேர்த்தார்கள். 2023 அக்டோபரில் இஸ்ரேல் காஸாவை முற்றுகையிட்டபோது தண்ணீர்க் குழாயையும் அடைத்தது. ஏகாதிபத்தியத்துக்கும் நம் ஊர் ஆதிக்கக்காரனுக்கும் பாஷை வேறு, வால்வைத் திருகுகிற கை ஒன்று.

ஆட்சேபங்களுக்குப் பதில்

"ஊர் பெரிது, மேடு பள்ளம் இருக்கிறது, ஒரு தொட்டி எப்படிக் காணும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரண்டு தொட்டி வேண்டுமானால் கட்டட்டும், மூன்றும் கட்டட்டும். எல்லாத் தொட்டிகளும் ஒரே குழாய்ப் பின்னலில் சேர வேண்டும். இந்தத் தொட்டி இந்தச் சாதிக்கு என்ற பிரிவினை கூடாது. தண்ணீர் கலந்து ஓட வேண்டும்.

"கேமரா வைத்தால் போதாதா?" என்பார்கள். வைக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கேமரா நடந்த பிறகு காட்டும், நடக்காமல் தடுக்காது. அதன் சாவியும் அதே பெரிய கையிடம் இருந்தால் அது காட்டவும் காட்டாது.

"இரண்டு தெருவும் ஒரே தொட்டியில் குடித்தால் சண்டை வரும்" என்பார்கள். தோழர்களே, ஒரே ஆலையில் ஒரே ஷிப்டில் நிற்கிறோம். ஒரே காட்டில் மிளகாய்ப் பழம் எடுக்கிறோம். ஒரே முதலாளியிடம் கூலிக்குச் சண்டை போடுகிறோம். வேர்வை சேர்ந்து சிந்தலாம், தண்ணீர் சேர்ந்து குடிக்கக் கூடாதா? சண்டை வரும் என்று பயம் காட்டுபவன், நாம் சேர்ந்துவிடுவோமே என்று பயப்படுகிறவன்.

நாம் கோருவது

1. சாதி பார்த்துப் பிரித்த தொட்டிகளைக் கணக்கெடுத்து, ஊர் முழுவதற்கும் பொதுவான குழாய்ப் பின்னலில் இணைக்க வேண்டும். இனி எந்தத் தெருவுக்கும் ஒதுக்குத் தொட்டி கட்டக் கூடாது.

2. தொட்டிக்கு மூடியும் ஏணிக்குப் பூட்டும் வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட நாளையும், தொட்டி கழுவிய நாளையும், எந்தத் தெருவுக்கு எத்தனை நேரம் தண்ணீர் திறந்தது என்பதையும் தொட்டியடியில் போர்டில் எழுதிவைக்க வேண்டும்.

3. சாவியும் வால்வும் ஒரு குடும்பத்தின் கையில் இருக்கக் கூடாது. எல்லாத் தெருப் பெண்களும் உள்ள ஊர்க் கமிட்டி மேற்பார்க்க வேண்டும். தண்ணீர் திறந்துவிடும் தொழிலாளிக்கு முறையான சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் வேண்டும். பெரிய கையின் தயவில் பிழைப்பவன் பெரிய கை சொன்ன வால்வைத்தான் திருகுவான்.

4. குடிநீரில் கை வைத்தவன் யாராயிருந்தாலும், காக்கிச் சட்டையானாலும் வெள்ளை வேட்டியானாலும், உடனே வன்கொடுமைச் சட்டத்திலும் பொதுச் சொத்துச் சட்டத்திலும் வழக்குப் போட வேண்டும். வேங்கைவயல் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டும்.

கோரிக்கை எழுதிக் கொடுத்தால் மட்டும் கிடைத்துவிடாது. விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைச் சங்கமும் மாதர், வாலிபர் ஸ்தாபனங்களும் இந்தக் கோடைக்குள் தங்கள் ஊர்த் தொட்டியடியில் ஒரு கூட்டம் போடட்டும். கிழக்குத் தெருவுக்கு ஒன்று என்றால் மேலத் தெரு பேச வேண்டும். அன்று அந்த வயதான அம்மா தானாக வந்து பேசினார். இனி அது தற்செயலாக நடக்கக் கூடாது, ஸ்தாபனமாக நடக்க வேண்டும்.

கொடியங்குளத்தில் கிணறு கெட்டபோது எல்லாக் கிராமத்துத் தொழிலாளிகளும் எழுந்து நிற்கவில்லை. "அது அவர்கள் கிணறு" என்று பலர் இருந்துவிட்டோம். அந்தத் தவறை மறுபடியும் செய்ய வேண்டாம். இது நம் தண்ணீர்!

தனித் தொட்டி ஒழிக! பொதுத் தொட்டி வேண்டும்! உழைப்பாளி மக்கள் ஐக்கியம் ஓங்குக!